நாற்பதும் நூற்று நான்கும்

வைத்திக்குப்பத்து மணியம்மாளுக்கு மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால், பதில் கிடைக்கிறவரை சோறு இறங்காது. குளிர்ஜுரக்காரனின் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறதே, பிறகு ஏன் இன்னொரு போர்வை கேட்கிறான்? காலையில் தணிந்த ஜுரம் சாயங்காலமானால் ஏன் ஏறுகிறது? சுவரில் மாட்டியிருக்கிற தெர்மாமீட்டரில் பாதரசம் தானாக இறங்குகிறது, ஆளுக்கு வைக்கிற குழாயில் மட்டும் உதறினால்தான் இறங்குவேன் என்கிறதே, அது என்ன பிடிவாதம்? ஆஸ்பத்திரியில் தரை துடைக்க வந்தவள் கேட்கிற கேள்வியா இதெல்லாம் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தது பிரெஞ்சுக்காரர் காலத்தில், இருபது வயதில். புருஷன் கன்னியப்பன் வாசலில் ரிக்‌ஷா இழுத்தான், அவள் உள்ளே வாளியும் துடைப்பமுமாக இருந்தாள். வார்டைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரக் கன்னிகாஸ்திரீயை ஊரே மசேர் என்று கூப்பிடும். மணியம்மாளின் கேள்வித் தொல்லை தாங்காமல்தான் மசேர் ஒருநாள் தெர்மாமீட்டரையும் பூதக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்து, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளும் பார்த்தாள். பாதரசக் குமிழுக்குச் சற்று மேலே குழாய் தலைமுடியைவிட மெல்லிசாய்க் குறுகியிருந்தது. சூட்டில் பாதரசம் அந்த இடுக்கைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விடுகிறது. சூடு தணிந்ததும் அந்த இடத்தில் இழை அறுந்துவிடுகிறது, மேலே போனது மேலேயே நிற்கிறது. அதனால்தான் உதற வேண்டியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று அவள் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, பறந்து போனாள் என்று கன்னியப்பன் சொல்லுவான்.

அதன்பிறகு அந்த வார்டில் ஜுரம் பார்ப்பது அவள் வேலையாயிற்று. சம்பளப் பட்டியலில் அவள் கடைசி வரை துடைப்பக்காரிதான். ஆனால் வார்டுக்குத் தெரியும். காப்பி குடித்தவன் வாயில் உடனே குழாயை வைக்க மாட்டாள். அக்குளில் வேர்வை இருந்தால் துடைத்துவிட்டுத்தான் வைப்பாள். முப்பத்தேழு என்றால் சுகம், முப்பத்தெட்டு என்றால் கவனம், நாற்பது என்றால் மசேரைக் கூப்பிட ஓட்டம். நல்ல உடம்புக்கும் சாயங்காலம் சூடு கொஞ்சம் ஏறும் என்பதை, கட்டின புருஷனையே ஒரு மாதம் காலையும் மாலையும் உட்காரவைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிக்க ஒரு மாசமா புள்ள?” என்று கேட்டான் கன்னியப்பன்.

“ஒண்ணுமில்லாதவனுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சாதான்யா, இருக்கறவனுக்கு எவ்ளோன்னு சொல்ல முடியும். கையத் தூக்காத, குழாய் விழுந்துடும்.”

குளிர்ஜுரத்துக்கான பதிலையும் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் கறந்துவிட்டாள். ஜுரம் ஏறும்போது உடம்பு தனக்கென்று ஒரு பெரிய சூட்டை நிர்ணயித்துக்கொள்கிறது, அதை எட்டுகிற வரைக்கும் இருக்கிற சூடு போதவில்லை என்று நடுங்குகிறது. இதை வார்டுக்கு வருகிற ஒவ்வொரு மனைவியிடமும் தாயிடமும் சொல்லுவாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அத்தனை கர்வம். இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

ஐம்பத்து நாலாம் வருஷம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. மசேரும் அடுத்த வருஷம் கப்பலேறிப் போய்விட்டார். ஐம்பத்தேழில் மெட்ராஸிலிருந்து டாக்டர் சுப்பிரமணியனும், வார்டுப் பொறுப்புக்கு சிஸ்டர் ஜெயமும் வந்தார்கள். கூடவே ஒரு பெட்டி நிறையப் புது தெர்மாமீட்டர்களும் வந்தன. மணியம்மாள் ஆசையாக ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய குழாயில் முப்பத்தைந்தில் ஆரம்பித்து நாற்பத்திரண்டில் முடியும். இதில் தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்து நூற்றுப்பத்தில் முடிந்தது. பழையதில் ஒரு டிகிரிக்குப் பத்துக் கோடு, இதில் ஐந்தே கோடு. பதின்மூன்று வருஷம் புழங்கிய வீட்டில் கதவை இடம் மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

ஜெயம் கெட்டவர் இல்லை. கறாரானவர். “இனிமே சார்ட்டு எல்லாம் இங்கிலீஷ்ல, இந்தப் புதுக் கணக்குலதான். தெரியாதவங்க கைவெச்சு ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? மணியம்மா, நீ தெர்மாமீட்டரக் கழுவி வெச்சா போதும். பாக்க வேணாம்.”

கழுவலாம், பார்க்கக் கூடாது. பாத்திரம் துலக்கு, ஆனால் உள்ளே என்ன குழம்பு என்று கேட்காதே என்கிற கதைதான். அன்று வீட்டில் அவள் அழுதாள். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கன்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. “என்னை அந்தக் குழாய்கிட்டேருந்து பிரிச்சிட்டாங்கய்யா” என்றாள். அப்போது புரிந்தது.

ஆனால் கழுவச் சொன்னார்கள் அல்லவா? அதில்தான் ஜெயம் ஏமாந்தார். கழுவுகிற நேரம் முழுக்க மணியம்மாளுடையது. மத்தியானம் வார்டு கண்ணயர்கிற வேளையில், ஒதுக்கிப்போட்டிருந்த பழைய குழாய் ஒன்றையும் புதுக் குழாய் ஒன்றையும் நூலால் சேர்த்துக் கட்டினாள். ஒரு கோப்பையில் கைக்கு லேசாகச் சூடு தெரிகிற வெந்நீர் வைத்து, இரண்டையும் இறக்கினாள். கொதிநீரில் வைத்தால் குழாய் வெடிக்கும். சூட்டிலிருந்து ஆறவிட்டுப் பார்க்கவும் முடியாது, ஏறின பாதரசம் இறங்காது. ஆகையால் ஆறின தண்ணீரில் தொடங்கி, கரண்டி கரண்டியாய்ச் சுடுநீர் சேர்த்து, ஏறுமுகமாகவே பார்க்க வேண்டும். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பழையது முப்பத்தேழு காட்டும்போது புதியது தொண்ணூற்றெட்டும் மூன்று கோடும். முப்பத்தெட்டுக்கு நூறும் இரண்டு கோடும். முப்பத்தொன்பதுக்கு நூற்றிரண்டும் ஒரு கோடும். நாற்பதுக்கு நூற்று நான்கு, ஒரு கோடு கூடவும் இல்லை குறையவும் இல்லை. பழைய பிரெஞ்சுச் சார்ட்டுத் தாளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிவைத்தாள். எழுதிப் பார்த்தபோது கண் விரிந்தது. பழைய குழாயில் ஒரு டிகிரி ஏறினால், புதியதில் இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு குறைவாக ஏறுகிறது, ஒவ்வொரு தடவையும். நான்கு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மாறவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: புதுக் குழாய்களில் தலையில் சில்லுப் பெயர்ந்த ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எப்போதும் இரண்டு கோடு கூடக் காட்டியது.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடம் போய்க் காட்டுவது? பார்க்கக் கூடாது என்றவரிடமா?

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. வெளிநோயாளிகள் மருந்து வாங்குகிற வராந்தாவை அவள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வரிசையில் காலி மருந்துப் பாட்டிலோடு கனீஸ் பாத்திமா நின்றாள். தையற்காரர் ஹாஜாவின் மனைவி. மணியம்மாளின் ரவிக்கை எல்லாம் ஹாஜா கையால் தைத்ததுதான்.

“என்னாம்மா பாத்திமா, யாருக்கு உடம்பு?”

“அவருக்குத்தான்க்கா. எட்டு நாளா காய்ச்சல். டைபாய்டா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. மருந்து குடுத்து, வூட்டுல தெர்மாமீட்டர் இருந்தா பாத்துக்கிட்டே இருங்க, நூத்திரெண்டத் தாண்டினா ஒடனே கொண்டாங்கன்னாரு. அல்லா புண்ணியத்துல அவ்ளோ தூரம் போவல.”

“எவ்ளோ இருக்குது?”

“மூணு நாளா முப்பத்தொம்போது, முப்பத்தொம்போதரை. இன்னிக்குக் காலையில நாப்பது. நூத்திரெண்டுக்கு இன்னும் பாதிகூட வரலியேக்கா.” சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா பேச்சுதான் ஒரு மாதிரியா இருக்குது. போர்வைய விரலால அளந்து அளந்து வெட்டற மாதிரியே பண்றாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கல.”

மணியம்மாளின் கையிலிருந்த தேய்ப்பான் நின்றது. “அந்தக் குழாய் ஏது உங்களுக்கு?”

“இவர்கிட்ட கோட்டு தெச்சுக்கிட்ட தொரை ஒருத்தரு, ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனது. நான் இப்பதான் மொத மொதலாப் பாக்கறேன்.”

“பாத்திமா, கேளு. அது பிரெஞ்சுக் குழாய். அதுல நூத்திரெண்டு வரவே வராது, நாப்பத்திரெண்டோட முடிஞ்சிடும். டாக்டர் சொன்னது வேற கணக்கு. உன்னோட நாப்பது, அவரோட நூத்திநாலு.”

பாத்திமாவின் கையிலிருந்து பாட்டில் விழுந்து உடைந்தது. மணியம்மாள் அதைக் கூட்டி அள்ள நிற்கவில்லை. வேலை நேரத்தில் வாளியைப் போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போனாள். வாசலில் கன்னியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“வண்டிய எடுய்யா! ஹாஜா பாய் வூட்டுக்கு!”

அரை மணியில் ஹாஜா வந்து சேர்ந்தார். ரிக்‌ஷாவிலும் அவர் விரல்கள் பாத்திமாவின் துப்பட்டியை அளந்தபடியே இருந்தன. வார்டு வாசலில் ஜெயம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“வராந்தாவ அப்படியே போட்டுட்டு எங்க போன? டாக்டர் சீட்டு இல்லாம இவர யாரு உள்ள கொண்டாரச் சொன்னது?”

“நூத்திநாலு இருக்குது சிஸ்டர். பாத்துட்டுத் திட்டுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாருங்க சிஸ்டர்.”

ஜெயம் ட்ரேயிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஹாஜாவின் அக்குளில் வைத்தார். மூன்று நிமிஷம். எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. “நூத்திநாலும் நாலு கோடும்!”

“நாலு இருக்காது சிஸ்டர், ரெண்டுதான் இருக்கும். அது சில்லுப் பேந்த குழாய், எப்பவும் ரெண்டு கோடு கூடக் காட்டும். வேற வெச்சுப் பாருங்க.”

ஜெயத்துக்குக் கோபம் வந்தது. வேறு ஒன்றை வைத்தார், அவள் வாயை அடைப்பதற்காகவே. அது நூற்று நான்கும் இரண்டு கோடும் காட்டியது. ஜெயம் உடனே ஆள் அனுப்பி டாக்டரை அழைத்துவரச் செய்தார்.

டாக்டர் சுப்பிரமணியன் ஓடி வந்தார். ஊசி, ஈரத்துணி, மருந்து என்று ஒரு மணி நேரம் போனது. ஹாஜாவின் விரல்கள் மெல்ல ஓய்ந்து போர்வைமேல் கிடந்தன. “இன்னும் ஒரு நாள் வீட்டுல வெச்சிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றார் டாக்டர் பாத்திமாவிடம். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தப்பு என் பேர்லதான். எந்தத் தெர்மாமீட்டர்னு நான் கேட்டிருக்கணும். இது புதுச்சேரி.”

அப்புறம் மணியம்மாள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?”

அவள் இடுப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் பேனாவைத் திறந்து, ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டி வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

“யாரு சொல்லிக்குடுத்தாங்க?”

“தண்ணிதாங்க.” கோப்பையையும் கரண்டியையும் நூல் கட்டியதையும் சொன்னாள். சொல்லி முடித்தவள் சும்மா இருந்தாளா? அதுதான் இல்லை. “அது என்னாங்க, முப்பத்திரெண்டக் கூட்டறீங்களே, எதுக்கு?”

“புதுக் குழாய்க் கணக்குல ஐஸுக்கு முப்பத்திரெண்டு, கொதிக்கற தண்ணிக்கு இருநூத்திப் பன்னெண்டு. உங்க பழைய கணக்குல ஐஸுக்குப் பூஜ்யம், கொதிக்கறதுக்கு நூறு.”

மணியம்மாள் யோசித்தாள். “அப்ப எங்க கணக்குதாங்க ஒழுங்கா இருக்குது. பூஜ்யத்த விட்டுட்டு முப்பத்திரெண்டுலேருந்து ஏன் ஆரம்பிச்சாங்க?”

டாக்டர் ஜெயத்தைப் பார்த்தார். ஜெயம் ஜன்னலைப் பார்த்தார். “தெரியலம்மா” என்று ஒப்புக்கொண்டு டாக்டர் சிரித்துவிட்டார். “இந்தியா பூரா இப்பத்தான் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறப்போகுது. உங்க ஊரு அதுல எங்களுக்கு முந்தி.”

அன்று சாயங்காலம் புருஷனிடம் இதை அவள் ஏழு தடவை சொன்னாள். கன்னியப்பன் ஏழு தடவையும் புதிதாகக் கேட்பது போல் கேட்டான். எட்டாவது தடவை அவனே ஆரம்பித்து ரிக்‌ஷா நிலையத்தில் சொன்னான்.

மறுநாள் காலை ஜுரம் பார்க்கிற நேரம். மணியம்மாள் வழக்கம்போல் ஓரத்தில் வாளியோடு நின்றாள். ஜெயம் ட்ரேயோடு வந்தவர், ஹாஜாவின் கட்டிலருகே நின்று குழாயை எடுத்தார். வைக்கவில்லை. வார்டே பார்த்துக்கொண்டிருக்க அவளிடம் நீட்டினார்.

“வந்து பாருங்க மணியம்மா.”

இதுவரை ‘வா’ என்றுதான் சொல்லியிருக்கிறார். மணியம்மாள் புடவைத் தலைப்பில் கையை இரண்டு முறை துடைத்தாள். குழாயை வாங்கி மணிக்கட்டைச் சொடுக்கி உதறினாள். ஹாஜாவின் அக்குள் வேர்வையைத் துடைத்துவிட்டு வைத்தாள். மூன்று நிமிஷம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நூத்திரெண்டும் ஒரு கோடும். பாத்திமா, உன் குழாய்ல முப்பத்தொம்போது. எறங்கிடுச்சு.”

பாத்திமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“சார்ட்டுல எழுதுங்க” என்றார் ஜெயம்.

மணியம்மாள் எண்ணை எழுதினாள். பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பதின்மூன்று வருஷத்தில் அந்தக் கட்டத்தில் பிரெஞ்சைப் பார்த்திருக்கிறாள், பிறகு இங்கிலீஷைப் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்த ஜுரத்துக்கெல்லாம் வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வோர் எழுத்தாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல், மணியம்மாள் என்று தமிழில் எழுதினாள்.

ஜெயம் குனிந்து பார்த்தார். தமிழாயிற்றே என்று கோடு போட்டு அடிக்கவில்லை. “அடுத்த கட்டிலுக்கு வாங்க” என்றார்.