பின் கேட்டில் நின்ற தகப்பன்

1. பள்ளி விட்ட நேரம்

"டீச்சர், ஆரணி எங்க?"

ஆரணியின் அம்மா துஷ்யந்தி இப்படிக் கேட்டபோது நான் குடையைப் பிடித்துக்கொண்டு முன் கேட்டில் நின்றிருந்தேன். நல்ல மழை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வகுப்பில் இருப்பாள் என்று சொல்லி உள்ளே போய்ப் பார்த்தேன். வகுப்பில் இல்லை. டாய்லெட்டில் இல்லை. நூலகத்திலும் இல்லை. நான் திரும்பி வருவதற்குள் துஷ்யந்தியின் முகம் வெளிறிவிட்டது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது அந்தப் பள்ளியில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

2. டெம்பரரி அப்ரூவல்

புதிதாகப் பள்ளிப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, டெம்பரரி அப்ரூவல், அதாவது முதல்வராக இருக்கத் தற்காலிக அனுமதி, வாங்க என்னென்ன பேப்பர் வேண்டும் என்பதைத்தான். பேப்பர் பெரிய விஷயமில்லை, வந்துவிடும். கையில் வந்த பிறகுதான் தலைவலி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது கிரான்பர்னில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளி. ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். பழைய முதல்வர் வேலை மாற்றலில் பிரிஸ்பேன் போய்விட, கமிட்டி என்னைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. திருச்சியில் நான் கணக்கு டீச்சர். அந்தப் பட்டம் இங்கே இன்னும் மதிப்பீட்டில் இருந்ததால் எனக்குக் கிடைத்தது ஒரு வருடத் தற்காலிக அனுமதி. நிபந்தனைகள் இருந்தன. சைல்ட் சேஃப்டி பயிற்சியை முடிக்க வேண்டும். நிர்வாகப் பாடங்களை முடிக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பில் ஏதாவது நடந்தால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வருடக் கடைசியில் ஒரு ரிவ்யூ. அதில் தேறாவிட்டால் அனுமதி போய்விடும். அனுமதி உள்ள முதல்வர் இல்லாமல் பள்ளி நடத்த முடியாது. என்னை விட்டால் வேறு ஆளும் கிடையாது. ஆக, என் அனுமதி போனால் பள்ளிக்கும் பூட்டுத்தான்.

பயிற்சியில் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, பிள்ளைகளைத் திருப்பி ஒப்படைப்பது. எங்கள் ஆட்களிடம் யார் வீட்டுப் பிள்ளை யார் காரில் ஏறினாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். "நான் அந்தப் பக்கம்தான் போறேன், ரெண்டு பேரையும் ஏத்திக்கிறேன்" என்பார் ஓர் அங்கிள். நான்கு பிள்ளைகள் ஏறிக்கொள்ளும். அதை நிறுத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. திருச்சி அம்மா பெரிய சட்டம் பேசுகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் துஷ்யந்தி என்னைத் தனியாகப் பார்க்க வந்தாள். கணவனை விட்டுப் பிரிந்துவிட்டாள். மகளின் பக்கமே அவர் வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. அதைக் காட்டிவிட்டு அழுதாள். "சனத்துக்குத் தெரிய வேண்டாம் டீச்சர். கோயில்ல தலை காட்டேலாது" என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். கேட்டில் நிற்பவர்களிடம் ஆரணியை அம்மா கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சட்டம் பேசுகிறவள் இன்னொரு சட்டம் பேசுகிறாள், அவ்வளவுதான்.

3. போலீஸ் வேண்டாம் என்றவர்

அன்று பின் கேட்டில் நின்றவர் நடராசா அங்கிள், எங்கள் கமிட்டித் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்காக நாற்காலி தூக்கியதிலிருந்து கூரை ஒழுகலுக்கு ஆள் பிடித்தது வரை எல்லாம் அவர் பார்த்த வேலைதான். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஓடிப்போய் ஆரணியைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனவர்" என்றார், சாதாரணமாக.

அம்மாவிடம் மட்டும் என்று சொல்லியிருந்தேனே என்றேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "தகப்பன் வந்து நிண்டவர், பிள்ளை. ஆரணி ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடிச்சது. நான் என்னெண்டு மறிக்கிறது?"

பின்னால் வந்த துஷ்யந்தி இதைக் கேட்டுவிட்டாள். அவள் கத்தவில்லை. நனைந்த சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் போனை எடுத்தேன். அங்கிள் என் கையைத் தடுத்தார். போலீஸ் வந்தால் பேப்பரில் வரும், பள்ளியின் பெயர் கெடும், ரிவ்யூவில் என் அனுமதியும் போகும் என்றார். அந்த ஆளின் அக்காவைத் தனக்குத் தெரியும், அரை மணி நேரம் கொடுத்தால் பேசியே பிள்ளையை வரவழைத்துவிடுவேன் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் பேசித்தான் தீர்ப்பார்கள். ஒரு கணம் எனக்கும் அது சரியென்றே பட்டது, பொய் சொல்லவில்லை. அப்போது துஷ்யந்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் போலீஸை அழைக்க ட்ரிபிள் ஜீரோவை அழுத்தினேன்.

அதன் பிறகு காத்திருந்த நேரத்தை என்னால் எழுத முடியாது. போலீஸ்காரப் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் துஷ்யந்தி, பாஸ்போர்ட் அவர் கையில் என்ற ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடராசா அங்கிள் அந்த ஆளின் அக்காவுக்குப் போன் அடித்தபடியே இருந்தார். அந்த அம்மாள் எடுக்கவே இல்லை. பேசித் தீர்க்கலாம் என்றவருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. கோபத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

ஃப்ராங்க்ஸ்டன் கடற்கரைப் பக்கம் காருக்குள் தகப்பனும் மகளும் இருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. பிள்ளை சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். பின் சீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதில் அவளுடைய உடுப்புகளும் பாஸ்போர்ட்டும் இருந்தன. திரும்பக் கூட்டி வந்தபோது ஆரணி அப்பாவைக் கேட்டு அழுதாள். தாய் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லது செய்ததாக அந்த இடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை கிடைத்தாள் என்பதோடு சரி.

4. எழுதச் சொன்னது

அன்று மாலையே ரிப்போர்ட் எழுத வேண்டும். அங்கிள் வகுப்பறைக்கு வந்து சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். பிள்ளை பின் பக்கமாகத் தானே ஓடிப்போய்விட்டதாக எழுதச் சொன்னார். "எனக்காக இல்லை, பிள்ளை. பள்ளிக்காகக் கேக்கிறன்."

"அப்படி எழுதினா அடுத்த வாரமும் நீங்கதான் அந்தக் கேட்டுல நிப்பீங்க, அங்கிள்" என்றேன்.

அவர் எழுந்து போனார். நான் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். யார் கேட்டில் நின்றார், யார் கையில் கொடுத்தார், ஏன் கொடுத்தார், எல்லாம். அவர் பெயரை எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கமிட்டியில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் நான் காட்டிக்கொடுத்தவள் ஆனேன். துஷ்யந்தி அதற்குப் பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. அவள் மறைக்க நினைத்தது கோயில் வாசல் வரை போய்விட்டது.

ரிவ்யூவுக்கு வந்த அதிகாரி நிதானமான பெண்மணி. ரிப்போர்ட்டைப் படித்திருந்தார். தடை உத்தரவு இருப்பது கேட்டில் நின்றவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது, தாய் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள் என்றேன். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் கேட்டில் நிற்கிற ஆளுக்குத் தெரியத்தான் வேண்டும் என்றார் அவர். அது யாராக இருக்கலாம் என்பதைத் தாயோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வதும் முதல்வரின் வேலைதான் என்றார்.

அனுமதி போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. இன்னொரு வருடம் தற்காலிகம்தான். பின் கேட்டை மூடிவிட வேண்டும், கேட்டில் நிற்கும் எல்லோரும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்து, பள்ளி தப்பியதே என்று அழுதேன். துஷ்யந்தியோடு உட்கார்ந்து பேசினேன். கேட்டில் நிற்கிற ஒருவருக்கு மட்டும் சொல்லலாம் என்று அவளே ஆளைச் சொன்னாள். அடுத்த வாரம் ஆரணி மறுபடி வகுப்புக்கு வந்தாள்.

5. இன்னொரு மழை நாள்

நடராசா அங்கிள் தலைவர் பதவியை விட்டுவிட்டார். என்னோடு பேசவும் இல்லை. அந்த டெர்ம் முடிகிற நேரத்தில், பள்ளி விட்டதும் முன் கேட்டுக்கு வந்தார். பேத்தியைக் கூட்டிப் போக வந்திருந்தார். மகளுக்கு ஏதோ அவசரம். கேட்டில் நின்றவள் புதிதாகச் சேர்ந்த ஒரு தாய். அவளுக்கு அவரைத் தெரியாது. கூட்டிப் போகலாம் என்று மகள் எழுதிக் கொடுத்த பெயர்களில் இவர் பெயர் இல்லை. பேத்தி உள்ளேயிருந்து "தாத்தா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற ஆட்கள் என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லி அவரை நான் அனுப்பியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தாய் தயங்கிக்கொண்டே, உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பட்டுமா என்றாள்.

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. "கேளுங்கோ. நான் நிக்கிறன்" என்று அவளிடம் சொன்னார்.

மகள் உடனே போனை எடுக்கவில்லை. அவரிடம் குடையும் இல்லை. பேத்தி கம்பி வழியாகக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் எடுக்கும் வரை கேட்டுக்கு வெளியிலேயே மழையில் நின்றார்.