நிற்கிற சக்கரம்

டாக்குரியா ஸ்டேஷன் நடைமேடையில், ஓடுகிற மின்விசிறிக்கு நேராக நின்றுகொண்டு, உத்தமன் விரித்த விரல்களைக் கண்ணுக்கு முன்னால் வேகமாக ஆட்டிக்கொண்டிருக்கிறார். கொசு விரட்டுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருகிறார். விரல் சந்து வழியாக விட்டுவிட்டுப் பார்த்தால் இறக்கைகள் நின்றுவிடும். கையின் வேகம் கொஞ்சம் தவறினால் பின்னோக்கிச் சுற்றும். பஸ் சக்கரம், கரும்புச்சாறு மெஷின், தையல் மெஷின் என்று எதையும் அவர் விட்டுவைப்பதில்லை.

இதுதான் அவருக்குத் தொழிலும். துர்க்கா பூஜைப் பந்தல்களிலும் நகைக்கடைக் கண்ணாடிகளிலும், சுற்றுகிற பொருள்மேல் புரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சி அதை நிறுத்திக் காட்டுவார், பின்னால் ஓட்டிக் காட்டுவார். புரொஜெக்டர் ஒரு நொடிக்குள் பலமுறை இருளையும் ஒளியையும் மாற்றி மாற்றிக் கொட்டும். ஒவ்வொரு முறை ஒளி விழும்போதும் சக்கரத்தின் முந்தின ஆரம் இருந்த இடத்துக்கு அடுத்த ஆரம் வந்து நிற்க வேண்டும். கண் அதை ஒரே ஆரம் என்று எடுத்துக்கொள்ளும். "சக்கரம் பாட்டுக்குச் சுத்தட்டும். பாக்கவன் கண்ணு நின்னாப் போதும்" என்பார்.

அப்பா துறைமுக வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து வங்காளத்துக்கு வந்தவர். உத்தமன் பிறந்தது பெஹாலாவில். வங்காள மொழியில் பேரம் பேசுவார், தமிழில் கோபப்படுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கறுப்பு டேப் சுருள் இருக்கும், அதன் ஓட்டைக்குள் பேனா. சாப்பிடும்போதும் எடுத்துவைக்க மாட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. செய்கிறவனுக்கே வித்தை தெரியாமல் போய்விடும். அரை மணி நேரம் ஒரு சக்கரத்தை உற்றுப் பார்த்துவிட்டால் கண் கெட்டுவிடும். அப்புறம் சுவர்கூட ஊர்வதாகத் தோன்றும். அதற்காக உத்தமன் வைத்துக்கொண்ட வழி அவர் மனைவி கிருஷ்ணம்மாள். பந்தலில் சக்கரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருப்பாள். உத்தமன் "ம்" என்றதும் திரும்புவாள். பார்த்த கணத்தில் ஒரு வார்த்தை. "நிக்குது." அல்லது "ஊருது." ஒருமுறை, "தலை சுத்துது, அணைங்க." அவ்வளவுதான். மறுபடி திரும்பி உட்கார்ந்துகொள்வாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பங்குனியில் கிருஷ்ணம்மாள் இறந்தாள். கல்லீரல்.

வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை. ஆனால் பூஜைப் பந்தல் வேலை. அது பண்டிகைக் கணக்கில் வராது என்று உத்தமன் தானே முடிவுசெய்துகொண்டார். பெஹாலாவில் ஒரு கிளப், பந்தல் வாசலில் ஆளுயரத் தேர்ச்சக்கரம் வைத்தது. பிளைவுட் விளிம்பு, தெர்மோகோல் ஆரங்கள். அது சுற்ற வேண்டும், பார்க்கிறவர்களுக்கு நிற்க வேண்டும். செயலாளர் நீலாத்ரி கேட்டது அதைத்தான்.

நின்றதா என்று யார் சொல்வது? உத்தமன் பந்தல்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தாருண், உத்தம்தா, என்றார்கள். பிரமாதம், உத்தம் அண்ணா என்று அர்த்தம். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொன்னார்கள். மகள் அக்ஷரா பெங்களூரில் கருவிகளைச் சோதிக்கும் என்ஜினியர். அவள், கண்ணை நம்பாதீங்க, போனில் வீடியோ எடுத்துப் பாருங்க என்று யோசனை சொன்னாள். அன்று மத்தியானம் முழுக்க உத்தமன் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை, போன் திரையைத்தான் பார்த்தார். திரையில் சக்கரம் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. திருப்தியாக மோட்டார் வேகத்தை அதே இடத்தில் பூட்டினார்.

அப்போது வந்த நீலாத்ரி, சக்கரத்தில் ஆரங்கள் ஏன் இரண்டு மடங்காக இருக்கின்றன என்று கேட்டார். உத்தமன் நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான். ஒவ்வொரு ஆரத்துக்கும் நடுவில் மங்கலாக இன்னொரு ஆரம். ஒளி இரண்டு முறை விழுந்தால் போன் ஒரு முறைதான் படம்பிடித்திருக்கிறது, அடுத்ததை விட்டிருக்கிறது. பாதி உண்மையைக் காட்டிய திரையைப் பார்த்து வேகத்தைப் பூட்டியிருந்தார்.

வேகத்தைத் திருத்தினார். இரட்டை போனது. இப்போது நிற்கிறதா, மெல்ல ஊர்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அதற்குள் கண் கெட்டிருந்தது. மகளுக்கு போன் செய்தார்.

"எல்லாவனும் தாருண்ங்கான். உங்கம்மா ஒரு தடவ சொல்லிருப்பாளாட்டி அப்படி?"

"இல்லப்பா."

"எனக்குக் கண்ணு சொல்லல. சொல்ல ஆளும் இல்ல. இந்தப் பூஜையோட விட்டுரலாம்னு பாக்கேன்."

அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பொரி தின்றதாகச் சொன்னார்.

பஞ்சமி மாலை பந்தல் திறந்தார்கள். டாக் மேளத்தின் இரைச்சலில் மோட்டார் சத்தம் அமுங்கிப்போயிற்று. வாசலில் வேறு விளக்கு இல்லை, புரொஜெக்டர் ஒளி மட்டும்தான். உத்தமன் சக்கரத்துக்குப் பின்னால், மோட்டார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் கூட்டம் போன்களைத் தூக்கியபடி நகர்ந்தது. போன்கள் சொல்வதில் இனி அவருக்கு நம்பிக்கை இல்லை.

பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண்மணி, சக்கரத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றோரம் ஒதுங்கி நின்றாள். கையில் போன் இல்லை. இரண்டு கையிலும் நிறைய வளையல்கள். சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கயிற்றின்மேல் சாய்ந்து, தேரைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களைப்போல, சாவதானமாகக் கையை நீட்டினாள். சுற்றுகிற ஒன்றை நோக்கி யாரும் அப்படிக் கை நீட்ட மாட்டார்கள்.

உத்தமன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. மோட்டார் சுவிட்சை அணைத்தார். அணைத்ததும் நிற்கிற சக்கரம் அல்ல அது. பின்பக்கத்திலிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் வைத்து அழுத்தினார். பிளைவுட் தோலை உரசிக்கொண்டு போய், நின்றது. முன்பக்கம் எதுவும் மாறவில்லை. அதே ஒளி, அதே ஆரங்கள்.

அவள் விரல்கள் ஒரு ஆரத்தைத் தொட்டன. தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளங்கையை ஆரத்தின்மேல் வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய எதையோ வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அது நீண்டது. பின்னால் கூட்டம் நெருக்கியது. நீலாத்ரி எங்கிருந்தோ உத்தம்தா, உத்தம்தா என்று கூப்பிட்டார்.

அவள் கையை எடுக்கும்வரை உத்தமன் சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.