மடிப்பில் வைத்து வெட்டவும்

"மிதிச்சிடாதே, அது கழுத்து!"

கூடத்துத் தரை முழுக்கக் காகிதம். நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார் லிஃப்ட் மெக்கானிக். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செல்லோடேப்புத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்து, ஒரு தாளின் ஓரத்தை அடுத்த தாளின் கோட்டோடு சேர்த்து ஒட்டுவார். பிய்க்கிற வேகத்தில் முடியும் கூடவே வந்துவிடும். அந்த ஒரு கை மட்டும் பச்சைக் குழந்தையின் கை மாதிரி வழவழவென்று இருப்பது அதனால்தான்.

அவருடைய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குப் போகிறாள்.

"ஏங்க, குடியிருக்கறவங்க நடந்து போக ஒரு வழி விடக்கூடாதா?"

"விட்டிருக்கேனே. அந்த ஓரமாப் போ. பாத்து, அங்க சட்டைக் கை வருது."

வேலை செய்கிற இடத்தில், கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டம்தான் அவருக்குப் பட்டப்பெயர். லிஃப்ட் தரைக்கு ஒரு நூல் மேலே நின்றால்கூட, "தடுக்கி விழறவனுக்கு நீயா பல்லு கட்டுவே?" என்று எல்லோரையும் நிறுத்திவைத்துவிடுவார். கிழிந்த வேலைச் சட்டையைத் தானே தைக்கப் போய்த் தையல் பழகியவர். பக்கத்து வீட்டார் காலி பண்ணிப் போகும்போது விட்டுப்போன மெஷின் கிடைத்தது. போனில் பேட்டர்ன் வாங்கும் பழக்கம் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வழியில் தையற்காரர் வந்து அளவெடுக்க மாட்டார். எங்கோ ஒருவர் வரைந்து விற்ற சட்டை போனுக்கு வரும். அதைத் துண்டு துண்டாகச் சின்னத் தாள்களில் அச்சடித்து, ஓரம் வெட்டி, ஒட்டி, பெரிய படமாக்கி, துணிமேல் விரித்து வெட்ட வேண்டும்.

அச்சடிக்கிற கடைக்காரரோடு அவருக்கு ஜென்மப் பகை. முதல் தாளில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதை அளந்து, சொன்ன அளவு வந்தால்தான் மற்றதெல்லாம் சரி. கடைக்காரரோ வழக்கம்போலத் தாளுக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கி அடித்துத் தருவார். ரசமட்டம் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுப்பார்.

"அண்ணே, சுருங்கியிருக்கு."

"ஒரு துளிதான? யாருக்குத் தெரியப் போகுது?"

"போட்டுக்கறவனுக்கு மூச்சு முட்டும். அப்பத் தெரியும். மறுபடி அடிங்க."

பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அசைய மாட்டார்.

இப்படித் தாளோடும் கடையோடும் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர், அக்காவுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்த நாளிலிருந்து உலகத்தோடேயே மல்லுக்கு நிற்கிறார்.

அக்கா அவர்களோடு அதே வீட்டில் இருப்பவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வலது மார்பில் கட்டி வந்து, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தாள், அதுவே போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கென்ன? கடையில் எந்தச் சட்டையை மாட்டினாலும் ஒரு பக்கம் பை மாதிரி தொங்கியது. கையைத் தூக்கினால் துணி முழுவதும் கூடவே ஏறியது. கணக்கு டீச்சர் கையைத் தூக்காமல் கரும்பலகையில் எப்படி எழுதுவாள்? அத்தனை பிள்ளைகள் முன்னால் ஒவ்வொரு வரிக்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டா நிற்பாள்? பள்ளி திறக்கப் போகிறது. "நான் போகல. எழுதிக் கொடுத்துட்டு வீட்ல இருந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு சட்டைக்காகவா வேலைய விடுவே?" என்றார் தம்பி.

"உனக்கென்னடா, பேசுவே. நீ லிஃப்டுக்குள்ள தனியா நிக்கறவன்."

அன்றைக்கே அவர் ஒரு பேட்டர்ன் வாங்கினார். 'எல்லா உடல்வாகுக்கும் அழகாகப் பொருந்தும்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. சதுரம் சரியாக வந்தது. ஒட்டினார். முன்பக்கத் துண்டு பாதிதான் இருந்தது. அதன் ஓரத்தில், மடிப்பில் வைத்து வெட்டவும் என்று போட்டிருந்தது. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் அந்த ஓரத்தை வைத்து வெட்டினால், விரிக்கும்போது இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல வரும். அப்படித்தானே எப்போதும் வெட்டுவது? வெட்டினார். தைத்தார். மனைவி அதைச் சுவரில் மாட்டிப் பார்த்து, வலது பக்கத்தைக் கையால் அமுக்கினாள். புஸ்ஸென்று உள்ளே போனது.

இங்கேதான் அவர் புத்தி கெட்டுப்போனது. தைத்த சட்டையைப் பிரிக்க மனம் வரவில்லை. தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, உள்ளே ஒரு பை வைத்து அடைத்துத் தைத்துவிட்டார். தூரத்தில் மாட்டிவைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் மட்டமாக இருந்தது. ஒரே பெருமை.

அக்கா போட்டுப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினாள். அவள் முகம் கறுத்துப்போனது.

"என்னடா இது?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டுமேன்னு..."

"யாருக்கு? எனக்கா, உன் காகிதத்துக்கா?"

"அக்கா, பாக்கறதுக்கு..."

"பஞ்சு வெக்கணும்னா நானே வெச்சிருப்பேன்டா. ஆஸ்பத்திரியிலேயே ஒண்ணு காட்டினாங்க, வேணாம்னுட்டேன். அறுத்த இடத்துல வெச்சுப் பாரு, வேகுது எப்படின்னு தெரியும். என்னை ஒருத்தர் கேட்டீங்களா? நீயும் உன் அச்சுக் கடைக்காரன் மாதிரிதான்." சட்டையைக் கழற்றி அவர் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி சொல்றது சரிதானே? லிஃப்டு ஏறி நின்னா லிஃப்டைத்தான இறக்குவீங்க? தரையவா தூக்குவீங்க?"

அவர் பஞ்சைப் பிய்த்து எடுத்தார். அப்புறம் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் முறைத்தார். முறைக்க வேண்டியதுதானே? ஒரு மனுஷியைப் பாதியாக வரைந்துவிட்டு, மிச்சப் பாதி இப்படித்தான் இருக்கும் என்று இவர்களே முடிவு பண்ணிவிட்டால் எப்படி? தோள் இறங்கினவர்கள் இல்லையா, முதுகு வளைந்தவர்கள் இல்லையா? அவர்களெல்லாம் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டுமா? எல்லா உடல்வாகும் என்றால் எந்தெந்த உடல்வாகு? போனை எடுத்து, விற்றவர்களுக்குக் குரலிலேயே அனுப்பினார்.

"இந்தாங்க, எல்லாருக்கும் பொருந்தும்னு போட்டிருக்கீங்களே, எங்க அக்காவப் பாத்தீங்களா? பாக்காம எப்படிப் போட்டீங்க? மொதல்ல அந்த வரிய எடுங்க!"

உடனே பதில் வந்தது: எங்கள் பேட்டர்னை விரும்பியதற்கு நன்றி. கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி.

"சிரிக்கிறான் பாரு!" என்று அவர் போனை மனைவியிடம் நீட்டினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

மறுநாள் கடைக்காரரிடம் போய் முன்பக்கத்தை மட்டும் இரண்டு தடவை அச்சடிக்கச் சொன்னார். "ஒரு சட்டைக்கு ரெண்டு முன்பக்கமா? பைத்தியமா உங்களுக்கு?" என்றார் கடைக்காரர். "ஆமா. சுருக்காம அடிங்க" என்றார் இவர்.

வீட்டில் அக்காவின் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, தப்புதான். இந்தத் தடவை உன்ன அளந்து வெட்டறேன். ஒரு தடவை வா" என்றார். கதவு திறந்தது.

அளவெடுத்தது மனைவி. அவர் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அவள் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக. கை இறங்கியிருக்கும்போது ஒன்று, தூக்கியிருக்கும்போது ஒன்று.

"இன்னும் மேல தூக்குங்க அண்ணி."

"இதுக்கு மேல போகாதுடி, இழுக்குது."

"போற வரைக்கும் போதும்" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

இரண்டாவது பாதியைக் குப்புறத் திருப்பினார். கோடுகள் அடியில் போய்விட்டதால், ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்து மறுபடி வரைந்தார். இரண்டு பாதியையும் நடுவில் ஒட்டினார். வலது பக்கத்தில் மார்புக்கென்று மடித்துத் தைக்க விட்டிருந்த பிடிப்பை மூடி, நீளத்தைக் குறைத்து, தோளிலிருந்து தட்டையாக இறக்கினார். அக்குளில் துணி இழுக்காமல் இருக்கச் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்தார். முதலில் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்தார், அக்கா "இங்க உறுத்துது" என்றாள், பிரித்தார். அடுத்தது எங்கும் உறுத்தவில்லை. அப்புறம்தான் நல்ல துணியை எடுத்தார். பழக்க தோஷம், கை தானாகவே அதை இரண்டாக மடித்தது. "ச்சீ!" என்று தன்னையே திட்டிக்கொண்டு உதறினார். ஒற்றைத் துணியாகத் தரையில் விரித்தார். அன்றைக்குச் சமையலறைக்குப் போக வழியே இல்லை. மனைவி வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

சட்டை முடிந்ததும் அக்கா போட்டுக்கொண்டு வந்தாள். இடது பக்கம் இடது பக்கமாக இருந்தது. வலது பக்கம் வலது பக்கமாக இருந்தது. மனைவி கிட்டே போகவில்லை, அமுக்கியும் பார்க்கவில்லை. துணி வெட்டக் கோடு போட்ட சாக்கட்டி மேஜைமேல் கிடந்தது. அக்கா அதை எடுத்தாள். பீரோவின் கதவுப்பக்கம் திரும்பி, கையைத் தூக்கி, எட்டுகிற உயரத்தில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். சட்டை இடுப்பிலேயே நின்றது. கோட்டுக்குக் கீழே ஒரு கணக்கை எழுதினாள். எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் குரல் டீச்சர் குரலாக மாறியிருந்தது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியுதா?"

ரசமட்டம் காகிதங்களைத் தாண்டித் தாண்டி கூடத்தின் கடைசிக்குப் போனார். சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடியில்லாத அந்தக் கையை உயர்த்தினார்.