இல்லை, வேணும்

சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றுகிற எங்கள் ஊர் பனிச்சறுக்கு லிஃப்டைப் பெரிதாக்கிய கதையை உள்ளூர்ப் பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டது. அதில் என் பங்கை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சின்ன ஊர் இது. தமிழ்க் குடும்பம் என்றால் நாங்கள் மட்டும்தான். வுப்பர்டால் நகரத்தில் இருக்கிற அக்கா டெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம், "அந்தக் காட்டுக்குள்ள என்ன கோதாரிக்கு இருக்கிறியள்? இஞ்சால வாங்கோவன்" என்பா. எப்படிப் போவது? எனக்கு வேலை இங்கேதான். சறுக்க வருகிறவர்கள் இளைப்பாறிச் சாப்பிட மலைமேல் மரத்தால் கட்டிய ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதன் குசினியில் பதினைந்து வருடமாக சூப்புக் கிண்டுகிறேன். வந்த புதிதில் பனியைத் திட்டாத நாளில்லை. பிறகு பனி குறையத் தொடங்கியது. பனி இல்லாவிட்டால் லிஃப்ட் ஓடாது, லிஃப்ட் ஓடாவிட்டால் கடை திறக்காது. மன்னார் வெயிலில் வளர்ந்த நான் பனி பெய்யவேண்டும் என்று செபமாலை சொன்னேன். மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அந்தக் காலத்தில்தான் என் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேக்கரியில் மாமூட்டை தூக்கித் திரிந்த ஆள். பேச்சும் போய்விட்டது. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, ஜெர்மன் வரவில்லை. ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான். தரையில் ஓரடி வைக்கமாட்டார். ஆனால் நகரசபையின் நீச்சல் குளத்தில், வெந்நீர்ப் பகுதியில் இறக்கிவிட்டால் நடந்தார். முதல்நாள் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் மட்டும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்து, "பாத்தீரே, நடக்கிறன்" என்றார். நான் கரையில் நின்று குழந்தைப் பிள்ளைபோல அழுதேன். கிழமைக்கு இரண்டு தரம் போனோம். ஒரு வருடத்தில் வீட்டுக்குள்ளும் தடி பிடித்து நாலடி வைத்தார். குளம் இருந்தால் கடைக்குப் போய் வருகிற அளவுக்கு நடப்பார் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள்.

அப்போதுதான் அந்தப் பிரச்சினை கிளம்பியது. லிஃப்டை மலை உச்சிவரை நீட்டவேண்டும், செயற்கைப் பனி அடிக்கிற இயந்திரங்களுக்குத் தண்ணீர் தேக்க ஒரு ஏரி வெட்டவேண்டும். மாநில அரசு ஒரு பங்கு தரும், மீதியை நகரசபை போடவேண்டும். நீச்சல் குளத்தின் கூரையோ இற்றுப்போய்க் கிடந்தது, அதைத் திருத்தவும் காசு வேண்டும். இரண்டுக்கும் நகரசபையால் ஏலாது. பனியே பெய்யாத மலைக்குப் பொதுக்காசைக் கொட்டுவது விசர்வேலை என்று பாதிப்பேர். லிஃப்ட் இல்லாவிட்டால் ஊரே படுத்துவிடும் என்று மீதிப்பேர். பேக்கரியில், தேவாலய வாசலில், எங்கே பார்த்தாலும் சண்டை. நான் வாயே திறக்கவில்லை. என் சம்பளம் மலையில் இருந்தது, அவருடைய கால் குளத்தில் இருந்தது.

லிஃப்டா குளமா என்று ஊர்ச்சனமே வாக்குப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது நகரசபை. அந்த வாக்கெடுப்புக்கு முன் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நாங்களும் போனோம், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு. குளத்துக்கு யார் வருகிறார்கள், நாலு கிழவிகள்தான் என்று ஒருவன் நக்கலடித்தான். குளத்துக்காகக் கையெழுத்துச் சேர்த்துத் திரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எங்களை அங்கே அடிக்கடி கண்டு பழகியவர். அவர் பாய்ந்து வந்து மைக்கை என் மனுசனின் வாயருகே பிடித்தார். "சொல்லுங்கள், உங்களுக்கு இந்தக் குளம் தேவையில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

என் மனுசன் நிமிர்ந்து இருந்து, இருக்கிற பலம் எல்லாம் கூட்டி, "நைன்!" என்றார். நைன் என்றால் இல்லை.

தமிழர் யாருக்கும் இது விளங்கும். சாப்பிடவில்லையா என்று கேட்டால், "இல்லை, சாப்பிட்டன்" என்கிற சாதி நாங்கள். நீங்கள் சொல்வது பிழை என்பதற்குத்தான் அந்த இல்லை. அவர் சொல்ல வந்தது, "இல்லை, வேணும்." ஆனால் ஜெர்மன்காரருக்கு அந்த இடத்தில் போட "டொஹ்" என்று தனிச்சொல் ஒன்று இருக்கிறது. டொஹ் என்றால் வேண்டும், நைன் என்றால் வேண்டாம். சுகமாக இருந்த காலத்திலேயே அந்த டொஹ் அவர் வாயில் வந்ததில்லை. நைனுக்குப் பிறகு அடுத்த சொல்லைத் தேடி அவருடைய உதடு துடிக்கும்போதே மண்டபம் வெடித்துச் சிரித்தது. லிஃப்ட்காரர் கைதட்டினார்கள். நோயாளியே வேண்டாம் என்கிறார், இனியென்ன என்று ஒருவன் கத்தினான்.

ஆசிரியை வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். மைக்கை என் பக்கம் நீட்டினார். ஒரு சொல் போதும். அந்தச் சொல் எனக்குத் தெரியும், குசினியில் நாளுக்கு நூறு தரம் சொல்கிற சொல். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த என் முதலாளி அம்மா திரும்பினா. முறைக்கவில்லை, ஐயோ, முறைத்திருந்தால் பேசியிருப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்தா. மனுசன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் என் வேலையை எனக்காக வைத்திருந்தவ. நான் குனிந்து அவருடைய ஜாக்கெட் சிப்பை இழுத்துப் பூட்டினேன், பூட்டியே இருந்த சிப்பை. ஆசிரியை மைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

வாக்கெடுப்பில் நான் குளத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். மறைப்புக்குள் நின்று வீரம் காட்டி என்ன பயன்? லிஃப்ட் வென்றது. என் ஒரு சொல்லால் அது மாறியிருக்காது என்று எனக்கு நானே ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாறியிருக்காதுதான். ஆனாலும் சொல்லவில்லையே.

குளத்தை மூடினார்கள். பக்கத்து ஊர்க் குளத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். மூன்று தரம் கூட்டிக்கொண்டு போனேன், மூன்றாம் தரம் பஸ் ஏறும்போது விழுந்துவிட்டார். பிறகு வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த நாலடியும் போய்விட்டது. இப்போது நாற்காலியும் கட்டிலும்தான். என் வேலை பத்திரமாக இருக்கிறது.

போன ஞாயிறு அவருக்குச் சவரம் செய்துகொண்டு இருந்தேன். திடீரென்று கேட்டார்.

"அண்டைக்கு நான் வேணுமெண்டுதானே சொன்னனான்?"

"ஓம், அப்பிடித்தான்."

"பிறகேன் மூடினவங்கள்?"

"அவையளுக்கு விளங்கேல்லை."

அன்று நடந்தது அவருக்கு வடிவாக ஞாபகமில்லை.

"நீர் எழும்பிச் சொல்லியிருப்பீர்," என்றார். "உம்மட ஜெர்மன் நல்லமெல்லே. அவங்கள் கேட்டிருக்கமாட்டாங்கள்."

கன்னத்தில் கத்தி இருந்தது. கையை அசைக்காமல், "ஓம்" என்றேன்.