கூர்க்காக்காரரின் கத்தியும் என் விரலும்

சண்டை முடிந்து இத்தனை காலமாகியும் காகம் கத்தினால் எனக்கு நெஞ்சு பதறும். பயம் என்னோடு கூடப் பிறந்தது. சின்ன வயதில், இந்தியன் ஆமி எங்கள் ஊர்ப்பக்கம் முகாம் போட்டிருந்த காலத்தில், ஊரில் ஒரு கதை உலாவியது. அந்த ஆமியிலிருந்த கூர்க்காக்காரன் இடுப்பிலுள்ள வளைந்த கத்தியை உருவினால் ரத்தம் காட்டாமல் உறைக்குள் போடமாட்டானாம். ஆள் கிடைக்காவிட்டால் தன் விரலையே கீறுவானாம். பார்த்தவர் ஒருவருமில்லை. நம்பாதவரும் ஒருவருமில்லை. வேலிக்கப்பால் கூர்க்காக்காரரின் ஓரம் மடித்த தொப்பி தெரிந்தால் போதும், அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திவிடுவா.

பல வருடம் கழித்துக் கடல் பொங்கி ஊருக்குள் வந்து என் மூத்தவனைக் கொண்டுபோனது. மிச்சம் இரண்டரை வயது மகள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்து முகாமில் அவளைச் சேலைத் தலைப்பால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு திரிந்தேன்.

"என்ன கா, புள்ளய மாடு மாதிரிக் கட்டி வெச்சிரிக்காய்?" என்பாள் பக்கத்துக் கூடாரத்துக்காரி.

"ஒனக்கென்னடி? போய் ஒன்ட வேலயப் பாரு."

அங்கே கூடாரம் அடிக்க நிவாரணக்காரருடன் ஒரு நேபாளக்காரர் வந்தார். நரைத்த மீசை. முந்திக் கூர்க்காப் படையில் இருந்தவராம். இடுப்பில் அதே கத்தி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று நாளும் அவர் அதை உருவவேயில்லை. கயிறு அறுக்கக்கூட எங்களிடம்தான் கத்தி கேட்டு வாங்கினார். உருவினால் ரத்தம் காட்டவேண்டி வரும் என்றுதானே உருவவில்லை, பார்த்தாயா, கதை உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்தது. வரிசையில் தள்ளுமுள்ளு. முடிச்சு அவிழ்ந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பினால் பிள்ளையில்லை. மதிலோரம் அந்த மனிதர் குந்தியிருக்கிறார், என் மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கத்தியை உருவிவிட்டார். மறுகையில் இளநீர் இருந்ததைப் பார்த்தேன்தான். ஆனால் அதை வெட்டி முடித்த பிறகு? ரத்தத்துக்கு எங்கே போவார்?

களுதாவளைப் பிள்ளையாரே! வாளியை எறிந்துவிட்டு ஓடினேன்.

"ஐயா, அவ சின்னப் புள்ள! இந்தா, என்ட விரல வெட்டுங்க!"

கையை நீட்டிய வேகத்தில் நானே போய்க் கத்தியில் இடித்துக்கொண்டேன். சுட்டுவிரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி உறையில் போடலாம்தானே. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன்.

அவருக்குத்தான் முகம் வெளிறிப்போனது. கழுத்துத் துணியைக் கிழித்து என் விரலைச் சுற்றினார். "கத்தி... ரத்தம்... உறை..." என்று நான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. 'நில்', 'கையைத் தூக்கு', 'வீட்டுக்குப் போ' என்ற அளவிலான சோதனைச்சாவடித் தமிழ்தான் அவரிடம் இருந்தது. சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்.

"நான் முந்தி இங்க. ஆமி. ரெண்டு வருசம். இந்தக் கத்தி ரத்தம் இல்ல. ஒரு ஆள் இல்ல."

பிறகு என் விரலைத் தொட்டு, "இண்டைக்கு," என்றார்.

அப்படியே மணலில் குந்தியிருந்து அழுதார். மகள் இளநீர் கேட்டுச் சிணுங்கினாள். அவர் கத்தியை மணலில் துடைத்தார், சட்டையில் துடைத்தார், திரும்பவும் மணலில் துடைத்தார். நான் அங்கே நின்ற வரைக்கும் அதை உறையில் போடவேயில்லை.