பினாங்குக்கு வழி: தியாகராய நகர், அடையாறு

மெட்ராஸிலிருந்து பினாங்கு கடல்வழியாக ஆயிரத்து ஐந்நூறு மைல் இருக்கும் என்றார்கள். அந்தத் தூரம் என்னை ஒன்றும் படுத்தவில்லை. சாந்தோமில் எங்கள் வீட்டிலிருந்து தியாகராய நகர் நாலு மைல். 1947-இல் நான் செய்த பயணத்தில் கொடிய பகுதி அதுதான்.

பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்ஸுகளை எடுக்க வந்த ஏஜெண்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் தங்கியிருந்தார். என்னைத் தேர்ந்தெடுத்தும் விட்டார். ஆனால் கல்யாணமாகாத பெண் என்றால் குடும்பத்து ஆண் ஒருவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம். அன்று மாலை ஐந்துக்குள் யாரும் வராவிட்டால் என் இடம் வேறொருத்திக்கு. எனக்கு வயது முப்பது. மயிலாப்பூரில் பாதித் தெருக்களுக்குத் தனியாகப் போய்ப் பிரசவம் பார்த்தவள். அதற்கெல்லாம் யார் சம்மதமும் தேவைப்படவில்லை!

அப்பா காலமாகிவிட்டார். மிச்சம் தாய்மாமனும் பெரியப்பாவும். அக்கா கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று மணப்பெண்ணை மாதா கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப் போவது யார் என்று கிளம்பிய சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

காலை ஒன்பது மணி. ஜட்காவில் தியாகராய நகர், எட்டணா. பனகல் பார்க் பக்கம் மாமா வீடு. இட்லி கொடுத்தார், சம்மதம் கொடுக்கவில்லை.

"பொம்பளப் புள்ள தனியா கப்பலேறினா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அப்ப அடையாறு போய்ப் பெரியப்பாவையே கேட்டுக்கறேன் மாமா" என்று எழுந்துவிட்டேன். இருந்த எரிச்சலில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி அதே ஜட்கா.

"இன்னாம்மா, காலைலேர்ந்து சுத்திக்கினு கீறே?" என்றார் வண்டிக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"என் குதிரைக்கே லைசென்சு கீது. உன்னை மட்டும் சும்மா வுட்ருவானா?" என்று ஆறுதல் சொன்னார்.

அடையாற்றில் பெரியப்பாவின் பகல் தூக்கம் கலையும்வரை காத்திருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அவர், முடியாது என்பதை அரைமணி நேரம் விளக்கினார். எனக்கு அலுத்துவிட்டது.

"சரி பெரியப்பா. மாமாவே வந்து சொல்லட்டும்."

"யாரு, அவனா? எங்க வூட்டுப் பொண்ணை அனுப்பறதுக்கு அவன் யாரு?"

ஆணியில் தொங்கிய கோட்டு அவர் தோளுக்கு வந்துவிட்டது.

மாலை நாலரை, கச்சேரி ரோடு. ஏஜெண்டின் அறை வாசலில் மாமா! பூசைக்குப் போகும் சலவை வேட்டியில், எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். பெரியப்பா முந்திவிடுவார் என்ற பயம் அவரையும் கிளப்பியிருக்கிறது. என்னை அனுப்ப மறுத்த இருவரும் இப்போது என்னை அனுப்பும் உரிமைக்கு அடித்துக்கொண்டார்கள்.

"தாய்மாமன் நான் கீறேன்!"

"அப்பன் இல்லாத எடத்துல நான்தான்டா அப்பன்!"

மணி ஐந்தாகப் போகிறது. ஏஜெண்டு தலையில் கைவைத்தபடி கதவைச் சாத்த எழுந்தார். குறுக்கே போய் நின்று, பிரசவ அறையில் போடும் சத்தத்தைப் போட்டேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுங்க!"

சொன்னார்கள். முதலில் சொன்னது யார் என்று படியிறங்கும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டது.

கப்பல், அலை, வாந்தி எல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். பினாங்கு ஆஸ்பத்திரியில் தலை நரைத்த மேட்ரன் என்னை உட்காரச் சொல்லி, "உனக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று கேட்டாள்.

மெட்ராஸில் அன்று நாள் முழுக்க அலைந்தேனே, ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதில் சொல்லுமுன் அழுதுவிட்டேன். வீட்டு நினைப்பு என்று எண்ணிக்கொண்டு, பாவம், முதுகில் தட்டிக் கொடுத்தாள்.