பூங்காவில் கேட்டுக்கொண்டிருந்தவர்

சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முன்பு, மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. அப்போது ஊரில் ஒரு சிறிய வானொலி நிலையம் இருந்தது. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பெரியவர் தம் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஒதுக்கிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கும். அப்படியும் கொய்யா மரத்தில் காக்கை கத்தினால் அது ஒலிபரப்பாகிவிடும். ஜட்கா வண்டியின் மணியும் கேட்கும். நேயர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் மாலையில் பூங்காவுக்கு வருவார்கள். அங்கே கம்பத்தில் ஒரு கொம்பு ஒலிபெருக்கி இருந்தது. கடலை கொறித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி கேட்பார்கள். அந்தக் கொம்பிலிருந்து என் குரல் வருகிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பி.ஏ. முடித்த கையோடு அறிவிப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். அக்ரஹாரத்தில் எங்கள் தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

செய்தி வாசித்தவர் என் வயதுக்காரர். கொள்ளேகால் பக்கத்து மலையில் பிறந்த சோலிகர். காடே வீடாக வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். மலையடிவாரத்தில் ஒரு பாதிரியார் நடத்திய பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் மைசூருக்குக் கல்லூரிக்கு வந்தவர். அவர் கன்னடம் வாசித்தால் பண்டிதர்களும் தலையாட்டுவார்கள். கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததால் தமிழும் அவருக்கு வீட்டுமொழி போலத்தான். எங்களுக்குள் வாடா போடா இல்லாவிட்டாலும் நீ, வா, போ என்றுதான் பேச்சு.

அவர் வாசிப்பவர் மட்டுமல்ல. விடுமுறை வந்தால் பஸ் ஏறி மலைக்குப் போய்ச் செய்தியோடு வருவார். யானை எந்தப் பக்கம் இறங்கியது, எந்தக் குடியிருப்பில் காய்ச்சல், வனக்காவலர் யாருடைய அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார், இப்படி. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதமாட்டார். அவர் வாசித்த காய்ச்சல் செய்தியைக் கேட்டு ஒரு டாக்டர் மாட்டுவண்டியில் மருந்து கொண்டுபோனார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

அறிவிப்பாளனுக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. இசைத்தட்டு ஓடும்போது மைக்கின் சாவியைத் திருப்பி அணைத்துவிட வேண்டும். எனக்கு அது அடிக்கடி மறந்துபோகும். "ஏப்பா, பாட்டு ஓடறப்பச் சாவியத் திருப்பிப்போடு. நீ இருமறது மாதேஸ்வரன் மலை வரைக்கும் கேக்குது" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் மத்தியானம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"எங்கப்பன் வந்திருக்குதப்பா. மலைய உட்டு எறங்காத மனுசன். கொம்புல எங்குரலு வாறதக் கேக்கோணுமாம்."

"இங்கேயே கூட்டிண்டு வாயேன். கண்ணாலயே பார்க்கட்டும்."

"மாடிப்படி ஏறமாட்டேங்குது. பூங்காவுலயே நிக்கறேங்குது. நான் கொண்டுபோய் உட்டுட்டு, செய்திக்கு முந்தி சைக்கிள்ல வந்தர்றேன்."

அன்று மாலை, பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மாமாவும் நிலையத்தைப் பார்க்க வந்தார். வெளியாட்களை மைக் அறைக்குள் விடக்கூடாது. நான் விட்டேன். இசைத்தட்டை ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"ஏண்டா, நியூஸ் வாசிக்கிற பிள்ளையாண்டான் யாரு? பிரமாதமான குரல். நம்மவாளா?"

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

"நீங்க வேற மாமா. அவன் சோலிகன். காட்டுல தேன் எடுக்கிற கூட்டம். நான் உட்கார வெச்சுக் கிளிக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிக் கொடுக்கிறேன், அதை ஒப்பிக்கிறான். நான் இல்லேன்னா மரம் ஏறப் போக வேண்டியதுதான்."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். சொன்னது அத்தனையும் பொய். அவருக்கு நான் ஓர் எழுத்தும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கதவு படாரென்று திறந்தது. அடுத்த அறையில் யந்திரம் பார்த்துக்கொள்ளும் கன்னடக்காரர் பாய்ந்து வந்து மைக்கின் சாவியைத் திருப்பினார். "ஊரெல்லா கேளிஸ்து சுவாமி" என்றார். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. பாட்டின் மேலே என் பேச்சும், எங்கள் சிரிப்பும்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் ஒரு காபி குடிச்சுட்டு வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

பாட்டு முடியப்போகிறது. அடுத்தது செய்தி. நண்பர் வருவாரா என்று தெரியவில்லை. வரவில்லை என்றால் நான்தான் வாசிக்க வேண்டும். அப்போது கீழே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. வியர்வையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். நான் எழுந்துகொண்டேன்.

வழக்கம்போலவே வாசித்தார். குரல் எங்கும் தடுக்கவில்லை. முடிவில் தம் பெயரை மட்டும் சொல்வது வழக்கம். ஊரும் குலமும் எதற்கு என்று தடுத்தவன் நான்தான். அன்று அவர், தாம் எந்த மலையில், எந்தக் குடியிருப்பில், எந்தக் குலத்தில் பிறந்தவர் என்று சொல்லி, தம் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகன் வாசித்த செய்திகள் இத்துடன் முடிந்தன என்றார். பிறகு அவரே சாவியைத் திருப்பினார்.

பூங்கா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஓடிப்போய் அந்த மனிதர் காலில் விழுந்திருக்கலாம். நான் பின்பக்கப் படி வழியாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நண்பர் ஒரு மூங்கில் குழாயை என் மேஜையில் வைத்தார். வாயை இலையால் கட்டியிருந்தது. தேன்.

"அப்பா உங்களுக்குன்னு கொண்டாந்ததுங்க. குடுக்கறதுக்குன்னு கொண்டாந்தத திரும்ப மலைக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிருச்சுங்க."

அதுவரை அவர் என்னை நீங்கள் என்று அழைத்ததில்லை. அதற்குப் பிறகு வேறு மாதிரி அழைக்கவும் இல்லை.

என்னைச் சில மாதம் மைக் பக்கம் வரக்கூடாது என்று நிலையத்துப் பெரியவர் சொல்லிவிட்டார். அசட்டுத்தனத்தைப் பாருங்கள், அதற்கும் நண்பர்மேல் எனக்குக் கோபம். நான் வேறு உத்தியோகம் தேடிப் போனேன். அவர் மேலே படித்து, பல வருடம் வானொலியில் செய்தி சேகரித்து, கடைசியில் கல்லூரியில் இதழியல் பேராசிரியர் ஆனார். மலைப் பிள்ளைகள் பலர் அவரைப் பின்பற்றிப் படிக்க வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தலை நரைத்த பிறகு ஒருநாள் துணிந்து அவர் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைக்கை எப்போதும் திறந்திருப்பதாகவே நினைத்துப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் நிலையத்தில் ஒருமுறை சாவி திறந்தே கிடந்த கதையையும் சொன்னார். அந்த அறிவிப்பாளர் அப்படி என்ன பேசினார் என்று ஒரு மாணவி கேட்டாள். "செய்திக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். வகுப்பு சிரித்தது.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்கிட்ட என்னத்துக்குங்க? எங்கப்பன்கிட்டல்ல சொல்லியிருக்கோணும். அது இருந்த வரைக்கும், உங்க சினேகிதருக்குத் தேன் புடிச்சிருந்துதான்னு கேட்டுட்டே இருந்துதுங்க."

அந்தத் தேனை நான் வாயில் வைக்கவே இல்லை. இன்று வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட, யாரைப் பற்றியாவது இளப்பமாக ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்தால், பூங்காவில் அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் அந்த மனிதர் காதில் அது விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொள்கிறேன்.